இரண்டரை நட்சத்திரம்

முதற்படத்தைக் கொக்குவிலில் ஒரு நண்பனின் மடிக்கணினியில்
நடுச்சாமம் தாண்டிப் பார்த்தேன்.
மலையாளம். கீழே ஓடிய வரிகளில் பாதி பிழை.
காணாமற்போன ஒரு பெடியன், ஒரு பாழ்ங்கிணறு.
கடைசியில் கமரா மெல்லக் குனிந்து எட்டிப் பார்க்கிறது.
தண்ணீர் ஒருமுறை அசைகிறது.
அவ்வளவுதான்.
"முடிக்காமல் விட்டதே முடிவு" என்று
ஞாயிறுப் பதிப்பில் அரைப்பக்கம் எழுதி
நாலரை போட்டேன்.
அந்த வசனத்தைப் பிறகு
இரண்டு மூன்று பேருக்கு வாசித்தும் காட்டினேன்.

இப்போது அதே கதை தமிழில்,
ஸ்ரான்லி வீதித் தியேட்டரில், மாலைக் காட்சி.
ஓடுகிற மின்விசிறி எதுவெனப் பார்த்து
அதன் கீழே கதிரை பிடித்தேன்.
மடியில் கொப்பி. இருட்டில் எழுதினால்
வரிமேல் வரி ஏறி
வெளிச்சத்தில் எனக்கே விளங்காது.

தாய் தொலைபேசியை வைக்கிறாள்.
பத்து நிமிடத்தில் பொலிஸ் வந்து இறங்குகிறது.
தியேட்டர் சிரித்தது.
இயக்குநர் அங்கே பகிடி எதுவும் வைத்திருக்கவில்லை.
இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு
அவள் சொல்லச் சொல்லத்
தமிழிலேயே எழுதிக்கொள்கிறார்.
கச்சான் கோது உடைக்கிற சத்தமும் நின்றுபோனது.
நான் குறித்தேன்: முதற்பாதி தொய்வு.

இடைவேளைக்குப் பிறகு கிணறு.
இங்கே கமரா குனியவில்லை,
மோட்டர் வந்தது.
மழை, வயலின், முழங்கால் சேற்றில் நாயகன்.
நாலு நிமிடத்தில் அடி தெரிய இறைத்து முடித்தார்கள்.
பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்:
"டேய், ரெண்டு குதிரைவலு மோட்டரடா அது!
விடிய விடிய இறைக்கோணும்!"
"ஊத்துக் கிணறெண்டால் அதுவும் காணாது"
என்றது பல்கனி.
சேற்றுக்குள்ளிருந்து ஒரு கைக்கடிகாரம் வந்தது.
விசில். கிழித்த காகிதம் தலைமேல் பறந்தது.
நான் குறித்தேன்: தேவையற்ற தெளிவு.

அந்த ஆரவாரத்துக்குள்
முன்வரிசையில் ஒரு பெண் குடையை எடுத்துக்கொண்டு
வெளியே போனாள்.
கொலைகாரன் பிடிபட இன்னும் இருபது நிமிடம் கிடக்கிறது.
நாயகன் பேச வேண்டியது அதற்கு மேலும் கிடக்கிறது.

ரிக்கெற் கிழிக்கிற அருள்நேசன் சொன்னான்:
"மூண்டாந்தரம் வாறா.
முழு ரிக்கெற்தான் எடுப்பா,
ஆனால் இடைவேளைக்குத்தான் உள்ள வருவா.
இறைச்சு முடிய எழும்பிடுவா."
கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, பெயர் சத்தியரூபி என்றான்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

அடுத்தநாள் காலை எனக்கு ஒரு சவர்க்காரம் தேவைப்பட்டது.
"படம் பிடிச்சதோ?" என்றேன், பட்டியலைப் பார்த்தபடி.
"படமெண்டு பெரிசா ஒண்டுமில்லை.
அந்தப் பாட்டு என்ன கண்டறியாத பாட்டு."
பிறகு,
"உங்கட மலையாளப் படமும் பாத்தனான்.
நீங்கள் பேப்பரில எழுதினபடியால்."
மிச்சக் காசை எண்ணி மேசையில் வைத்தாள்.
"அதில ஒருத்தரும் இறைக்கேல்லை."
எனக்குப் பின்னால்
மண்ணெண்ணெய்ப் போத்தலோடு ஒருவர் நின்றார்.
தள்ளி நின்றேன்.

ஆசிரியர் பேரின்பம் இரண்டுதரம் கூப்பிட்டுவிட்டார்:
"நானூறு சொல், நாலு மணிக்குள்ள,
நட்சத்திரத்தை மறந்திடாதையும்."
தேவையற்ற தெளிவு.
அதை வெட்டினேன்.
அந்த இடத்தில் எழுத வேறொரு வசனம் வரவில்லை.
ஒளிப்பதிவைப் பற்றி இரண்டு வரி போட்டு நிரப்பினேன்.
ஒளிப்பதிவு பரவாயில்லை என்பது உண்மையுந்தான்.

ஞாயிறு வெளிவந்தது. இரண்டரை.
சத்தியரூபி வாசித்தாளோ தெரியாது.
இப்போதெல்லாம் சவர்க்காரம் பக்கத்துக் கடையில் வாங்குகிறேன்.
அச்சுவேலியிலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது:
விமர்சகர் எல்லாவற்றையும் கவனித்தாராம்,
மோட்டரைப் பற்றி
ஒரு சொல்லும் எழுதாமல் விட்டாராம்.